மருந்தடிக்காத சீனிவாசலு

எங்கள் ஊரில் சோம்பேறிகளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் சோம்பலுக்காக மேடையேறி மாலை வாங்கியவன் சீனிவாசலு ஒருவன்தான். அன்னூரிலிருந்து கருமத்தம்பட்டிக்குப் போகும் வழியில், இருபுறமும் வேலி கட்டிய ஒரே இட்டேரிப் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் தோட்டம், அந்தப் பக்கம் அவன் தோட்டம். நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் வேலியோரம் நின்று கண்ணால் கண்டது.

நேரில் பார்த்தால் நானும் அவனை "வாங்க நாயுடு" என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் ஒருவனை வைவதானாலும் 'ங்க' போட்டுத்தான் வைய வேண்டும். எழுத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. இங்கே அவன் 'அவன்'தான். அவன் மனைவி ராமாமணியம்மாளை மட்டும் 'அவர்' என்று எழுதுவேன்.

சீனிவாசலு வீட்டில் மூன்று ஆண்பிள்ளைகள், அவன் கடைசி. மூத்தவர் பீளமேட்டில் ஒரு மில்லில் மேஸ்திரி ஆனார். அடுத்தவர் பம்பு வார்க்கிற பட்டறையில் கூலிக்குச் சேர்ந்து, பிறகு சொந்தப் பட்டறை வைத்தார். கடைசித் தம்பியையும் கூப்பிட்டார்கள். "சங்கு ஊதுனா எந்திரிச்சு ஓடறதுக்கு நான் ஆளில்லீங்கண்ணா. நான் வெவசாயி" என்று சொல்லிவிட்டான். சொன்னதோடு சரி. விவசாயி அன்னூர் டீக்கடையில் உட்கார்ந்து பத்திரிகை படித்தான். பருத்திக் காட்டில் களையெடுத்தது ராமாமணியம்மாள்.

1953 வாக்கில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், அங்கே பன்னீர் திராட்சைப் பந்தல் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தான். பந்தலடியில் கயிற்றுக் கட்டில் போட்டு ஒருவர் படுத்திருந்தாராம். "ஒருக்கா நட்டாப் போதும், இருவது வருசத்துக்குக் காய்க்கும்" என்று அவர் சொன்னாராம். படுத்திருந்தவர் தோட்டக்காரர் இல்லை, கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி என்பது சீனிவாசலுவுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த வாரமே ஊருக்கு வந்து, கிணற்றுக்குப் பக்கத்து அரை ஏக்கரில் திராட்சை என்று அறிவித்தான்.

குழி எடுத்தது, கல்தூண் நட ஆள் பிடித்தது, கம்பி இழுத்தது எல்லாம் ராமாமணியம்மாள். கொடியை எப்படிக் கவாத்துச் செய்வது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. தொண்டாமுத்தூரில் தூரத்துச் சொந்தம் ஒன்று இருந்தது. அங்கே போய்ச் சில நாள் தங்கி, கூலியாட்களோடு நின்று, எந்தக் கண்ணில் வெட்டினால் குலை தள்ளும் என்று கற்றுக்கொண்டு வந்தார். ஆட்டுக்காரர்களைக் கூப்பிட்டு எருவுக்குப் பட்டி போடச் செய்தார். வேப்பம் புண்ணாக்கை இடித்து வேரைச் சுற்றிப் புதைத்தார். கணவன் அதற்குள் கயிற்றுக் கட்டில் வாங்கிவிட்டான்.

கொடி பந்தலேறியதும் சாம்பல் நோய் வந்தது. இலையும் பிஞ்சும் மாவு தெளித்தது போல வெளுத்தன. மேற்கால் தோட்டத்து லட்சுமணசாமியும் திராட்சைதான் போட்டிருந்தார். அவர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தார், கந்தகத் தூளும் தூவினார். அவருடைய பழம் கோலிக்குண்டு போலத் திரண்டு நின்றது. தானாக வந்து, "நாயுடு, என்ற மருந்துப் பம்பை எடுத்துட்டுப் போய் அடிச்சுப்போடுங்க" என்றார்.

"நாளைக்கு அடிச்சுப்போடறனுங்க" என்றான் சீனிவாசலு.

அந்த நாளை வரவே இல்லை. பம்பு அவன் வீட்டுச் சுவரோரம் ஒரு மாதம் நின்றுவிட்டு, போன மாதிரியே லட்சுமணசாமியிடம் திரும்பி வந்தது. 'மருந்தடிக்காத சீனிவாசலு' என்று ஊர் அப்போதுதான் பெயர் வைத்தது. அன்றைக்கு அது வசவு.

ராமாமணியம்மாளுக்குத் துத்தக் கலவை பிடிக்காது. ஒருமுறை அடுத்த தோட்டத்தில் அதைக் கையால் தொட்டுக் கொப்புளம் வந்திருந்தது. அதனால் அவர் வேறு வழி பார்த்தார். குலையைச் சுற்றியிருந்த இலைகளைக் கிள்ளி, வெயிலும் காற்றும் உள்ளே போக விட்டார். நோய் கண்ட பிஞ்சைக் கையால் பறித்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்தார். பழம் சின்னதாகத்தான் வந்தது, குலையும் நெருக்கமில்லாமல் இளைத்துக் கிடந்தது. கோயமுத்தூர் மண்டிக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் வாயில் போட்டால் தேன்.

1958 வாக்கில் சாமியார் வந்தார். கருமத்தம்பட்டிப் பக்கத்தில் ஒரு சின்னப் பங்குக்கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த அந்தோணிராஜ் சாமியார். பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும். அதுவரை கப்பலில் வந்துகொண்டிருந்த ரசம், வெளிநாட்டுச் சரக்குக்குக் கெடுபிடி வந்ததும் நின்றுபோயிற்று. மதுவிலக்குக் காலம்தான் என்றாலும், பூசைக்காக என்று லைசென்சு கேட்டால் கொடுத்தார்கள். சாமியார் வாங்கிவிட்டார். லட்சுமணசாமியின் கோலிக்குண்டுப் பழத்தைத்தான் முதலில் வாங்கிப் பிழிந்து வைத்தார். நாலு நாள் கழித்து ஜாடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். அறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் மழை பெய்தது என்று லட்சுமணசாமி பயந்து இன்னொருமுறை கந்தகம் தூவியிருந்தார். அது பழத்தோடு போய் ஜாடிக்குள் வேலையைக் காட்டிவிட்டது.

சாமியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இட்டேரியில் வந்தபோது சீனிவாசலு பந்தலடியில் கட்டிலில் கிடந்தான். வெள்ளை அங்கியைப் பார்த்து எழுந்து உட்கார்ந்தான். சாமியார் நாலைந்து பழத்தைப் பறித்து வாயில் போட்டார், தோலைத் தடவிப் பார்த்தார்.

"இந்தக் கொடிக்கு என்ன மருந்து அடிக்கிறீர்கள்?"

வேளாண்மை ஆபீசர்கள் யார் வந்தாலும் இதே கேள்வியைக் கேட்டு, இதற்குத்தான் வைவார்கள். அவன் நெளிந்தான். "அடிக்கோணும்னுதான் இருக்கறனுங்க சாமி. மேலுக்குச் சரியில்ல. நாளைக்கு அடிச்சுப்போடறேன்."

"இதுவரை அடிக்கவே இல்லையா?"

"இல்லீங்க சாமி."

"சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம்!" என்று சாமியார் கையைக் கூப்பினார். "தயவுசெய்து அடித்துவிடாதீர்கள். எனக்கு இந்தப் பழம்தான் வேண்டும்."

நான் அப்போது வேலிக்கு இந்தப் பக்கம் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். ஒருவனுடைய சோம்பல் கொள்கையாக மாறுவதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சீனிவாசலு கட்டிலை விட்டு எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். "எங்க தோட்டத்துல மருந்தே கூடாதுங்க சாமி. அது எங்க வைராக்கியமுங்க" என்றான். குரல்கூட வேறாகிவிட்டது.

அந்த வருஷத்திலிருந்து பழம் கோயிலுக்குப் போனது. மூட்டையில் கட்டி அனுப்பப் பார்த்தான் கணவன். ராமாமணியம்மாள் விடவில்லை. வெயில் ஏறுவதற்குள் அறுத்து, வெடித்ததையும் எறும்பு கடித்ததையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, கூடைகளில் வேப்பிலை பரப்பி வண்டியில் வைத்துத் தானே கூடப் போனார். கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் வேலை நடந்தது. சாமியார் சொல்வார், அவர் செய்வார். பழத்தைக் கழுவக்கூடாது. தோலின் மேல் படிந்திருக்கும் அந்த வெள்ளைப் பூச்சுதான் சாற்றைப் பொங்க வைக்கிறது. சர்க்கரை கூடாது, தண்ணீர் கூடாது, வேறு எந்தப் பொடியும் கூடாது. கையால் பிசைந்து, தோலும் சாறுமாகப் பீங்கான் ஜாடியில் ஊற்றி, வாயைத் துணியால் கட்டிவிட வேண்டும். பொங்கி மேலே வரும் தோலை மரக்கரண்டியால் காலையும் மாலையும் உள்ளே அமுக்கி விட வேண்டும். இரைச்சல் அடங்கியதும் வடிகட்டிக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்தால் மண்டி அடியில் தங்கும், ரசம் மேலே தெளியும். அவ்வளவுதான். இரண்டாவது வருஷம் சாமியார் சொல்வதை நிறுத்திவிட்டார். ஜாடியில் காதை வைத்துக் கேட்டே எந்த நிலையில் இருக்கிறது என்று ராமாமணியம்மாள் சொல்வதாகச் சாமியாரே எல்லோரிடமும் சொன்னார்.

ரசம் நன்றாக வந்தது. மற்றப் பங்குச் சாமியார்களும் கேட்டு வாங்கினார்கள். 'மருந்து படாத பழம்' என்று பேச்சுப் பரவியது. பரவிய பேச்சைப் பிடித்துக்கொண்டு சீனிவாசலு ஏறினான். அன்னூரில் விவசாயிகள் கூட்டம் போட்டார்கள். மேடையில் அவனுக்கு நாற்காலி. கதர்த்துண்டு போர்த்தி மாலை போட்டார்கள்.

"கொடியும் நம்மளாட்ட ஒரு உசுருதானுங்க. உசுருக்கு வெசம் குடுக்கலாமுங்களா? நான் காலைல எந்திரிச்சதும் ஒவ்வொரு கொடியாத் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் மத்த வேலை பார்ப்பேன்" என்றான்.

கூட்டம் கை தட்டியது. காலையில் எழுந்ததும் அவன் தொட்டது டீக்கடைத் தம்ளரை மட்டும்தான் என்பது முன்வரிசையில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள். நம் ஊரான் ஒருவன் மேடையில் இருந்தால் அவன் பொய்யும் நமக்குப் பெருமை. ராமாமணியம்மாள் கூட்டத்துக்கு வரவில்லை. கொடித்தண்டில் செத்த பட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

இதோடு நின்றிருந்தால் ஒரு வீண்பெருமைக்காரன் கதையாக முடிந்திருக்கும். அவனுக்குப் பெரிய மனிதர்களின் சிநேகம் கிடைத்தது. மதுவிலக்குக் கமிட்டித் தலைவர் ஐயாசாமி முதல் ஆள். கதர்ச் சட்டை, கதர் வேட்டி, ஊர் ஊராகப் போய்க் கள்ளுக்குடிக்கு எதிராகப் பிரசங்கம். அவர் ஒருநாள் சீனிவாசலுவின் தோளில் கை போட்டு, "நாயுடு, எனக்கு வாயுத்தொல்லைங்க. திராட்சை ரசம் ஒரு அவுன்சு சாப்பிட்டா நல்லதுன்னு வைத்தியர் சொல்றார். ஊட்டுலயே கொஞ்சம் போட்டு வெக்கப்படாதுங்களா?" என்றார்.

சீனிவாசலு வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டான். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. பின்னால் ராமாமணியம்மாள் எங்களிடம் சொன்னபடி தமிழில் எழுதுகிறேன்.

"சாமியாருக்கு லைசென்சு இருக்குதுங்க. நமக்கு என்ன இருக்குது?" என்றார் அவர்.

"கமிட்டித் தலைவரே கேக்கறாரு. அதுக்கு மேல என்ன லைசென்சு வேணும்?"

அவர் மறுத்தார். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட வர மறுத்தான், பிறகு பக்கத்து ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் போய் வயிறாரத் தின்றான். கடைசியில் அவர் ஒப்புக்கொண்டது அவனுக்காக அல்ல. சாமியார் பக்கத்தில் இல்லாமல், தன் கையால் மட்டும் செய்தால் வருமா என்று பார்க்க அவருக்கே ஆசை வந்துவிட்டது. அறுப்பின் கடைசியில் கொடியிலேயே சுருங்கத் தொடங்கியிருந்த பழம் கொஞ்சம் இருந்தது. மாட்டுக் கொட்டகை மூலையில் ஒரு ஜாடியில் போட்டார். வந்தது. கோயில் ரசத்தைவிட நன்றாக வந்தது. தெளிந்த அன்றைக்குச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி என் மனைவிக்குக் காட்டினார். திரும்பத் திரும்ப வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பார்த்தேன் என்றாள் அவள்.

ஐயாசாமியின் வாயுத்தொல்லை வெள்ளிக்கூஜாவோடு வரத் தொடங்கியது. பிறகு அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் வாயுத்தொல்லை. அடுத்த அறுப்புக்கு ஜாடி நாலாகிவிட்டது.

யார் காட்டிக்கொடுத்தது என்று ஊர் பின்னால் ரொம்ப நாள் துப்புத் துலக்கியது. துலக்க என்ன இருக்கிறது? "சாமியார் ரசமெல்லாம் என்னங்க, எங்க ஊட்டு ரசத்தைக் குடிச்சுப் பாருங்க" என்று அவனே டீக்கடையில் சொன்னான். அடுத்த பெஞ்சில் மப்டியில் ஒரு போலீஸ்காரர் வடை தின்றுகொண்டிருந்தார்.

பட்டப்பகலில் வந்தார்கள். ஜாடிகளை வாசலில் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். ஊர் முழுக்க இட்டேரியில் நின்றது. இன்ஸ்பெக்டர் துணியை அவிழ்த்து முகர்ந்து பார்த்துவிட்டு, "யார் போட்டது?" என்று கேட்டார்.

மேடையில் அத்தனை பேச்சுப் பேசியவன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். பிறகு அந்த வாய் திறந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க எசமான். நான் பேப்பர் படிக்கறவனுங்க. ஊட்டுக்காரி ஊறுகா ஜாடின்னு சொன்னா. நம்பிப்போட்டேன்."

ராமாமணியம்மாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். அவர் அழவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரு சொல்றது நெசந்தானுங்க. நான்தான் போட்டேன். அவரு போட்டிருந்தாப் புளிச்சுப் போயிருக்கும்."

இட்டேரியில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டருக்கே உதடு துடித்தது. சாட்சிக் கையெழுத்துப் போட ஊரில் யோக்கியமான பெரிய மனிதர் ஒருவர் வேண்டும் என்றார்கள். ஐயாசாமி வந்தார். வாய் நிறைய ஏலக்காயும் கிராம்பும் மென்றுகொண்டே வந்து, ஜாடிகளைப் பார்க்காமல், ராமாமணியம்மாளையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். "பொம்பளைகளே இப்படிப் போனா தேசம் என்னாகும்?" என்று போகும்போது சொல்லிவிட்டும் போனார்.

அவிநாசிக் கோர்ட்டில் வழக்கு நடந்தது. வக்கீல் வைக்கக்கூட சீனிவாசலு வரவில்லை, காய்ச்சல் என்றான். சாமியார்தான் வந்தார். இந்த அம்மாள் இல்லாவிட்டால் என் பங்கில் பூசைக்கு ரசமே இல்லை என்று சாட்சி சொன்னார். "உங்கள் லைசென்சில் இவர் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட். இல்லை. ராமாமணியம்மாளும் குற்றத்தை மறுக்கவில்லை. சில வாரம் சிறை என்று தீர்ப்பாயிற்று. அங்கிருந்த வாரங்களில் அவரைப் போய்ப் பார்த்தவர்கள் இரண்டே பேர்: சாமியாரும், அவிநாசிக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்த தங்கை வெங்கடம்மாளும்.

இங்கே சீனிவாசலு வீடு வீடாகப் போய் அனுதாபம் வாங்கினான். குடும்ப மானம் போயிற்றே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெண்கள் அவனுக்குச் சோறு கொடுத்தனுப்பினார்கள். எங்கள் வீட்டிலிருந்து போகவில்லை, என் மனைவி பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

ராமாமணியம்மாள் தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கி, தனியாக நடந்து வந்தார். கவாத்துப் பருவம் கடந்துகொண்டிருந்தது. கணவன் கட்டிலிலிருந்து எழுந்திருக்காமலே பேசினான்.

"வந்துட்டயா? கொடியெல்லாம் காடாக் கெடக்குது பாரு. நாளைக்கு அறுத்துவுட்டுரு."

அவர் மறுநாள் அறுத்தார். அரை ஏக்கரையும் அறுக்கவில்லை. நல்ல கொடியாகப் பார்த்து, முற்றின குச்சியாக வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி இரண்டு கட்டு கட்டினார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். கட்டுகளைத் தலையிலும் இடுப்பிலும் வைத்துக்கொண்டு இட்டேரி வழியாக வெளியேறினார்.

"எங்கீங்க அம்மிணி?" என்று நான் கேட்டேன்.

"தங்கச்சி ஊட்டுக்குங்க. அங்க கெணத்துல தண்ணி இருக்குது" என்றார்.

திரும்பி வரவில்லை. "ஜெயிலுக்குப் போன பொம்பளைய ஊட்டுல வெச்சுக்க முடியுமுங்களா? நான்தான் அனுப்பிச்சுப்போட்டேன்" என்று டீக்கடையில் சொன்னான் அவன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் ஊரில் தலையாட்டுவதற்கு யாரும் சோம்பல்படுவதில்லை.

அரை ஏக்கர்ப் பந்தல் இரண்டு மழைக்காலத்தைத் தாங்கியது. சாம்பல் நோய் இந்த முறை அதிகாரத்தோடு வந்தது. இலை உதிர்ந்து, பிஞ்சு வெடித்து, கடைசியில் கம்பி மட்டும் நின்றது. சாமியார் வந்து பார்த்துத் திடுக்கிட்டார். "எல்லாம் இயற்கைங்க சாமி. குடுக்கறதும் அதுதான், எடுக்கறதும் அதுதான்" என்று மேலே கையைக் காட்டினான். சாமியார் சைக்கிளைத் திருப்பினார். அவருக்கு வேண்டிய பழம் இரண்டு வருஷத்தில் வெங்கடம்மாள் தோட்டத்திலிருந்து வரத் தொடங்கியது. இந்த முறை லைசென்சுக்கு எழுதும்போது வேலையாள் என்று ராமாமணியம்மாள் பெயரையும் சேர்த்தே எழுதினார்.

இப்படிப்பட்டவன் அழிந்துபோவான் என்று நினைக்கிறவர்களுக்கு உலகம் தெரியாது. அறுபத்தைந்து, அறுபத்தாறு வாக்கில் உரமும் பூச்சிமருந்தும் ஊருக்குள் லாரி லாரியாக வந்தன. அன்னூரில் ஒரு பூச்சிமருந்துக் கம்பெனிக்கு ஏஜெண்டு தேவைப்பட்டது. விவசாயிகளுக்குத் தெரிந்த முகம், மேடையில் பேசத் தெரிந்தவன், நாள் முழுக்க உட்கார்ந்திருக்கக்கூடியவன். இந்த மூன்றாவது தகுதியில் சீனிவாசலுவை வெல்ல ஜில்லாவில் ஆள் இல்லை. கடையும் நாற்காலியும் கொடுத்தார்கள். "மருந்தடிக்காமப் பட்ட பாடு எனக்குத் தெரியுமுங்க. அரை ஏக்கரு போச்சு, குடும்பமே போச்சு" என்று சொல்லிச் சொல்லி டின் டின்னாக விற்றான். கண்ணில் தண்ணீர்கூட வரும். அவன் வியாபாரம் ஐயாசாமியின் ஆசீர்வாதத்தோடு நடந்தது.

கம்பெனிக்கு ஒரு விளம்பரப் படம் வேண்டியிருந்தது. குலை தொங்கும் பந்தலடியில் ஏஜெண்டு நிற்க வேண்டும். அவன் தோட்டத்தில் கம்பிதான் தொங்கியது. லட்சுமணசாமி எப்போதோ திராட்சையை எடுத்துவிட்டு வாழைக்குப் போய்விட்டார். ஜீப்பில் போட்டோக்காரனை ஏற்றிக்கொண்டு, வெட்கமில்லாமல் அவிநாசிப் பக்கம் மைத்துனி தோட்டத்துக்கே போனான். நான் அன்றைக்குத் தேருக்கு வடம் பிடிக்க அவிநாசி போனவன், அப்படியே அங்கே தலைகாட்டியிருந்தேன்.

காலை நேரம். ராமாமணியம்மாள் பந்தலடியில் நின்று கொடியைத் தட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறும்வரை மரத்துக் கிடக்கும் வண்டுகள் பொத்துப் பொத்தென்று விழும். கையிலிருந்த தாம்பாளத்தில் தண்ணீரும் மண்ணெண்ணெயும். விழுந்த வண்டு எழுந்திருக்காது. ஜீப்பைப் பார்த்தார், தட்டுவதை நிறுத்தவில்லை.

"நல்லா இருக்கறயா?" என்றான் சீனிவாசலு.

"இருக்கறனுங்க."

"ஒரே ஒரு போட்டோ. இந்தக் குலைக்குக் கீழ நான் நிக்கறேன். அவ்வளவுதான். உனக்கென்ன நட்டம்?"

"நில்லுங்க. வெறுங்கையோட எதுக்கு நிக்கறீங்க? இதைப் புடிங்க" என்று தாம்பாளத்தை அவன் இரண்டு கையிலும் வைத்தார். அவன் வாங்கிக்கொண்டான். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியாமல் அசையாமல் நின்றான். ராமாமணியம்மாள் மேலே கொடியை ஒரு தட்டுத் தட்டினார். வண்டுகள் தாம்பாளத்திலும், அவன் புதுச் சட்டையிலும், தலையிலும் விழுந்தன. போட்டோக்காரன் சின்னப் பையனல்ல, விவரமானவன்தான். இருந்தாலும் பழக்க தோஷத்தில் சரியாக அந்த நேரம் பொத்தானை அமுக்கிவிட்டான்.

அந்தப் படத்தைக் கம்பெனி அச்சிடவில்லை.

சட்டையை உதறிக்கொண்டு அவன் ஜீப்பில் ஏறிப் போனபின், வெங்கடம்மாள் அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். இளகிய மனசுக்காரி. "அத்தன தூரம் வந்த மனுசன் அக்கா. ஒரு வாய் சாப்புடச் சொல்லியிருக்கலாமில்ல?" என்றார்.

ராமாமணியம்மாள் தாம்பாளத்திலிருந்த வண்டுகளைக் குழியில் கொட்டினார்.

"சொன்னா உக்காந்துக்குவாரு. அப்பறம் எழுப்பறது ஆரு?"